தேர்வே தன் அடையாளமாகிவிட்டபோது: குடியாத்தம் பகுதியிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

## எதற்காக இந்தப் பதிவு

வடாற்காட்டுப் பக்கம் எந்தத் தெருவுக்குப் போனாலும் டி.என்.பி.எஸ்.சி.க்குப் படித்துக்கொண்டிருக்கும் ஒருவராவது இருப்பார். முதல் ஆண்டில் "படிச்சிகினு இருக்கேன்" என்பது மரியாதையான பதில். மூன்றாம் ஆண்டில் அதே பதிலைச் சொல்லக் கூசி, விசேஷங்களுக்குப் போவதையே நிறுத்திவிடுகிறார்கள். அப்படி வீட்டோடு முடங்கிய 24 வயதுப் பெண் ஒருவர், 2024 நவம்பர் முதல் 2025 செப்டம்பர் வரை வேலூரில் உள்ள உளநல ஆலோசனை மையம் ஒன்றுக்கு வந்துபோனதன் பதிவு இது. அவருடைய எழுத்துபூர்வ ஒப்புதலோடு வெளியிடுகிறோம். அவர் யாரென்று ஊகிக்க உதவக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறோம். மருத்துவ விவரங்களையும் முடிவுகள் எடுக்கப்பட்ட வரிசையையும் மாற்றவில்லை.

"மனச்சோர்வு" என்று எழுதி மூடிவிட்டிருக்கக்கூடிய நிகழ்வு. உள்ளே பார்த்தால் இரத்தசோகை, தூக்கக் கேடு, கடனைப் பற்றிய குற்ற உணர்வு, தேர்வைத் தவிர தன்னிடம் எதுவுமே இல்லை என்ற நினைப்பு ஆகிய நான்கும் பின்னிக் கிடந்தன. எந்த முடிச்சை முதலில் அவிழ்ப்பது என்பதைப் பொறுத்தே மற்றவை இருந்தன.

## பின்னணி

அப்பா கைத்தறியில் லுங்கி நெய்கிறார். பாவும் நூலும் முதலாளி கொடுப்பது. கூலி நெய்து கொடுத்த கணக்குக்கு. அம்மா பீடி சுற்றுகிறார். தம்பி ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறார். குடும்பத்தின் முதல் பட்டதாரி இந்தப் பெண்தான்.

2021-இல் பி.எஸ்சி. கணிதம் முடித்தார். அந்த ஆண்டு இறுதியில் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராகச் சேர்ந்து, மாலை வேளையில் தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. பிள்ளைகள் "கணக்கு அக்கா" என்று கூப்பிட்டார்கள். 2022-இல் குரூப் 4 அறிவிப்பு வந்ததும், படிப்புக்கு நேரம் வேண்டும் என்று அதை விட்டார். பயிற்சி வகுப்பில் சேர்ந்தார்.

குரூப் 4 தெரியாத வாசகர்களுக்கு: இளநிலை உதவியாளர், தட்டச்சர் போன்ற அரசுப் பணிகளுக்கான தேர்வு. 200 கேள்விகள், 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். 100 கேள்வி தமிழ், 75 பொது அறிவு, 25 திறனறிவு. தமிழ்ப் பகுதியின் 150-இல் 60 எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். பத்தாம் வகுப்புத் தகுதிக்கான தேர்வு என்றாலும் எழுதுபவர்களில் பட்டதாரிகள் ஏராளம்.

2022 ஜூலை 24 அன்று எழுதினார். முடிவு 2023 மார்ச்சில்தான் வந்தது. இந்த எட்டு மாத இடைவெளியைக் கவனிக்க வேண்டும். பாஸ் ஆகிவிட்டால் வேலைக்குப் போக வேண்டியதில்லையே என்று வேலை தேடவில்லை. ஆகாவிட்டால் மறுபடி படிக்க வேண்டுமே என்று புத்தகத்தையும் மூடவில்லை. 300-க்கு 201 வந்தது, தரவரிசையில் அழைப்பு வரவில்லை. அடுத்த குரூப் 4 தேர்வு 2024 ஜூன் 9 அன்று நடந்தது. அக்டோபர் 28-இல் வந்த முடிவில் 223.5. முதல் தடவையைவிடப் பதினைந்து கேள்விகள் கூடுதலாகச் சரி. இது நல்ல முன்னேற்றம். வீட்டிலும் தெருவிலும் அது "திரும்பவும் போயிடுச்சு" என்றுதான் போய்ச் சேர்ந்தது. அவருக்குள்ளும் அப்படியே.

## வந்தபோது கண்டவை

நவம்பர் மூன்றாம் வாரம் சித்தி ஒருவர் கூட்டி வந்தார். முடிவு வந்ததிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை, யாரோடும் பேசவில்லை என்பது சித்தி சொன்னது. அவரே சொன்னது: "எனக்கு ஒண்ணும் இல்ல மேடம். படிச்சது நிக்க மாட்டேங்குது. அதுக்கு எதுனா இருந்தா சொல்லுங்க."

உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டபோது பெயர், படிப்பு, 2022-இன் மதிப்பெண், 2024-இன் மதிப்பெண், ஒட்டுமொத்தத் தரவரிசை, வகுப்புவாரித் தரவரிசை என்று வரிசையாகச் சொல்லி நிறுத்திக்கொண்டார். வேறே, என்று கேட்டதற்கு வெகுநேரம் யோசித்து, "அவ்ளோதான்" என்றார். பேசும்போதெல்லாம் வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று உருட்டிக்கொண்டே இருந்தன. நகக்கண்ணில் பழுப்புக் கறை, ஆள்காட்டி விரல் பக்கவாட்டில் நூல் அறுத்த கோடு. பீடி சுற்றுவீர்களா என்றால், "அது அம்மாது. சும்மா கூட உக்காருவேன்" என்றார்.

அன்று பதிவானவை:

பி.எச்.க்யூ-9 என்ற மனச்சோர்வுக் கேள்விப் பட்டியலில் 27-க்கு 13. இது 10 முதல் 14 வரையிலான மிதமான நிலை. இதன் ஒன்பதாம் கேள்வி, செத்துப்போனால் தேவலை என்ற எண்ணத்தைப் பற்றியது; அதில் "சில நாட்கள்" என்று குறித்திருந்தார். உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து கேள்வி நல்வாழ்வு அளவீட்டில் 100-க்கு 24. ஐம்பதுக்குக் கீழே போனாலே மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்பது வழக்கம். படுப்பது இரவு 2 மணிக்கு, எழுவது 9 அல்லது 10-க்கு. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, முடி கொட்டுகிறது, மாதவிடாய் ஏழெட்டு நாள் நீடிக்கிறது. கடைசி மூன்றையும் அவராகச் சொல்லவில்லை. கேட்ட பிறகுதான் வந்தன.

## முதல் வாரத்தின் முடிவுகள்

முதலில் உயிர்ப் பாதுகாப்பு. ஒன்பதாம் கேள்வியில் பூஜ்யத்தைத் தவிர எது வந்தாலும், அன்றைக்கே நேரடியாகக் கேட்க வேண்டும். எண்ணம் மட்டுமா, திட்டம் உண்டா, அதற்கான பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா, முன்பு முயன்றதுண்டா, தடுத்து நிறுத்துவது எது என்ற வரிசையில் கேட்கப்பட்டது. கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ என்று பல ஆசிரியர்களும் பெற்றோரும் பயப்படுகிறார்கள், அப்படித் தூண்டுவதில்லை. நேராகக் கேட்டதும்தான் இவர் முதன்முறையாக அழுதார். திட்டமோ முயற்சியோ இல்லை. தம்பியை நினைத்தால் அந்த எண்ணம் நின்றுவிடுகிறது என்றார்.

ஒரே தாளில், அவர் கையெழுத்திலேயே பாதுகாப்புத் திட்டம் எழுதப்பட்டது. எண்ணம் வரப்போகிறது என்பதற்கான அறிகுறி (இவருக்கு: இரவில் தரவரிசைப் பட்டியலைத் திரும்பத் திரும்பத் திறப்பது), தனியாகச் செய்யக்கூடியது, கூட்டத்தோடு இருக்கக்கூடிய இடம், கூப்பிடக்கூடிய இரண்டு பேர், தொழில்முறை உதவி, வீட்டைப் பாதுகாப்பாக்குவது என ஆறு வரிசை. உதவி எண்களாக 24 மணி நேரமும் தமிழில் பேச முடிகிற டெலி-மனஸ் 14416-உம், தமிழக அரசின் 104-உம். ஆறாவது வரிசைக்குச் சித்தியின் உதவியை அவரே கேட்டார்.

அந்த வாரத்திலேயே மனநல மருத்துவர் பார்த்தார். திட்டமோ முந்தைய முயற்சியோ இல்லாததாலும், வேறு காரணங்கள் இன்னும் பரிசோதிக்கப்படாததாலும், மருந்து இப்போது வேண்டாம், நான்கு வாரத்தில் மறுபடி பார்க்கலாம், அதற்குள் எண்ணம் அதிகமானால் உடனே வர வேண்டும் என்று முடிவெடுத்தார்.

இரண்டாவது, இரகசியம். அப்பா தொலைபேசியில் கூப்பிட்டு, "மேடம், அது இன்னா சொல்லிச்சு?" என்று கேட்டார். அக்கறையில் கேட்டது, அதில் சந்தேகமில்லை. ஆனால் 24 வயதானவர் சொன்னதை அவர் ஒப்புதல் இல்லாமல் அப்பாவிடம் சொல்ல முடியாது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் பிரிவு 23 சொல்வதும் அதுவே. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் குடும்பத்துக்குச் சொல்வோம் என்பதை அந்தப் பெண்ணிடம் முதல் நாளே சொல்லியிருந்தோம். அப்பாவிடம், "அவங்க சம்மதிச்சதும் எல்லாரும் உக்காந்து பேசலாம், நீங்க கண்டிப்பா வரணும்" என்று சொல்லப்பட்டது. அவர் ஏற்றுக்கொண்டார்.

## இரத்தம் சொன்னது

ஹீமோகுளோபின் 9.2. கருவுறாத பெண்ணுக்கு 12-க்குக் கீழே போனால் இரத்தசோகை, 8 முதல் 10.9 வரை மிதமானது. சிவப்பணுக்களின் அளவு சிறியது, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 6. இரும்புச்சத்துக் குறைபாடு உறுதி. தைராய்டு சரியாக இருந்தது.

"படிச்சது நிக்க மாட்டேங்குது" என்ற அவருடைய ஒரே புகாருக்கு இங்கே பாதி விடை இருந்தது. இரும்புச்சத்துக் குறைந்தால் களைப்பு, கவனமின்மை இரண்டும் வரும். மனச்சோர்வின் பட்டியலிலும் அதே இரண்டும் உண்டு. இரத்தசோகை, மனச்சோர்வு இரண்டில் ஒன்றை மட்டும் பார்த்து மற்றதை விட்டால் மாதங்கள் வீணாகும். அவரோ அந்தக் களைப்பைத் தன் சோம்பேறித்தனம் என்று மூன்று ஆண்டாக நம்பிக்கொண்டிருந்தார்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ள மாத்திரை நாளுக்கு இரண்டு, ஒரு தடவை பூச்சி மாத்திரை. நீண்ட மாதவிடாய்க்காகப் பெண்கள் நல மருத்துவரிடம் அனுப்பப்பட்டார். மாத்திரை கொடுத்தால் மட்டும் போதாது. பலர் இடையிலேயே நிறுத்துவதற்குக் காரணம் உண்டு. மலம் கறுப்பாகப் போகும், வயிறு புரட்டும், மலச்சிக்கல் வரும். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பயப்பட மாட்டார்கள். அந்த வீட்டில் ஒரு நாளைக்கு ஐந்து தடவை டீ. மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி கூடாது. எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கூடச் சேர்த்தால் இரும்பு நன்றாக உடம்பில் சேரும். வயிறு புரட்டியபோது சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொள்ளச் சொன்னோம். ஒரு மாதத்தில் 10.5, மூன்று மாதத்தில் 12.1. அளவு சரியான பிறகும் சேமிப்பு நிரம்ப மேலும் மூன்று மாதம் தொடரப்பட்டது.

## ஒரு வார நேரப் பதிவு

"நாளுக்கு 12 மணி நேரம் படிக்கிறேன்" என்றார். மணி வாரியாக ஏழு நாள் குறித்துவரச் சொன்னோம். பாராட்டவோ குறை சொல்லவோ அல்ல, பார்க்க மட்டும் என்று அழுத்திச் சொல்லப்பட்டது.

வந்த தாளில், புத்தகம் மடியில் இருந்த நேரம் ஏறக்குறைய ஒன்பது மணி. அதில் உண்மையாகப் படித்தது நான்கு. மீதி, டெலிகிராம் குழுக்களில் வந்து விழும் நடப்பு நிகழ்வு பி.டி.எஃப்.களைத் தரவிறக்குவதிலும், மாதிரித் தேர்வுப் பட்டியலில் தன் இடத்தைப் பார்ப்பதிலும், கட்-ஆஃப் கணிக்கும் காணொளிகளிலும் போயிருந்தது. தரவிறக்கிய கோப்புகளில் பெரும்பாலானவை திறக்கப்படவே இல்லை.

நாங்கள் எதிர்பாராத வேறொன்றும் அந்தத் தாளில் இருந்தது. தினமும் காலை 10 முதல் 2 வரை "சும்மா" என்று எழுதியிருந்தார். அந்தச் சும்மா நேரத்தில் நாளுக்குச் சுமார் 400 பீடி. ஊறவைத்த இலையைத் தகட்டளவுக்கு வெட்டி, தூள் வைத்து உருட்டி, முனை மடித்து, நூல் கட்டும் முழு வேலை. கணக்கு அம்மாவின் பெயரில், அம்மாவின் பீடி கார்டில். நான்கு மணி நேர உழைப்பு அந்த வீட்டில் யார் கண்ணுக்கும், அவர் கண்ணுக்குமே தெரியவில்லை.

## அடையாளம் எப்படிச் சுருங்கியது

அடுத்து ஒரு தாளை நடுவில் கோடிட்டு, 20 வயதில் நீங்கள் யார் யாராக இருந்தீர்கள், இப்போது யார் யார் என்று எழுதச் சொன்னோம். இடப்பக்கம் பதினொன்று வந்தது: கணக்கு மாணவி, கணக்கு அக்கா, தம்பிக்கு அக்கா, கங்கையம்மன் திருவிழாவில் வாசலை அடைத்துக் கோலம் போடுபவர், கல்லூரிப் பேருந்தில் அரட்டைக் கூட்டத்தில் ஒருவர், அப்பாவின் கூலிக் கணக்கைச் சரிபார்ப்பவர், இப்படி. வலப்பக்கம் இரண்டு: டி.என்.பி.எஸ்.சி. தேர்வர், அப்பாவுக்குப் பாரம்.

அடையாளத்தைத் தேடுவதை இளமையின் மைய வேலையாகச் சொன்னவர் உளவியலாளர் எரிக் எரிக்சன். 1966-இல் ஜேம்ஸ் மார்சியா அதை நான்கு நிலைகளாகப் பிரித்தார்: தேடிப் பார்த்து உறுதிகொண்டவர், தேடிக்கொண்டே இருப்பவர், தேடாமலே உறுதிகொண்டவர், தேடலும் உறுதியும் இல்லாதவர். இவர் மூன்றாம் நிலை. அரசு வேலை என்ற முடிவு, வேறு எதையும் முயன்று பார்ப்பதற்கு முன்பே, கல்லூரிச் சேர்க்கையின்போதே வீட்டில் எடுக்கப்பட்டது. அந்த முடிவு பலிக்காதபோது நான்காம் நிலைக்குச் சரிந்துகொண்டிருந்தார்.

18 முதல் 25 வரை தேடலுக்கான பருவம் என்று ஜெஃப்ரி ஆர்னெட் 2000-இல் எழுதியதை இங்கே அப்படியே பொருத்த முடியாது. தறிக் கூலியில் ஓடும் வீட்டில் தேடலுக்கு ஒருவர் கடன் வாங்க வேண்டும். "உனக்குப் பிடித்ததைக் கண்டுபிடி" என்று இவரிடம் சொல்வது பொறுப்பற்ற பேச்சாக இருந்திருக்கும்.

தன்னைப் பல கூறுகளாகக் காண்பவருக்கு ஒன்றில் விழும் அடி முழு ஆளையும் சாய்க்காது என்பது பட்ரீசியா லின்வில் 1987-இல் முன்வைத்த கருத்து. பிந்தைய ஆய்வுகள் அதை முழுமையாக ஆதரிக்கவில்லை. எண்ணிக்கை கூடினால் போதும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தக் கூறு அவருக்கு மதிப்புள்ளதாகவும், வேறொருவர் கண்ணில் படுவதாகவும் இருக்க வேண்டும் என்பது எங்கள் நிலைப்பாடு. அதனால் புதிய பொழுதுபோக்கு எதையும் பரிந்துரைக்கவில்லை. இடப்பக்கப் பட்டியலில் இருந்து, உயிர் மிச்சமிருப்பதை மீட்பது என்று தீர்மானித்தோம்.

## தேர்வை விடச் சொல்லாததற்குக் காரணம்

சித்தி அதைத்தான் எதிர்பார்த்தார். மூன்று காரணங்களால் மறுத்தோம். மதிப்பெண் ஏறுமுகத்தில் இருந்தது. வலப்பக்கத்தில் இருந்த இரண்டில் ஒன்றைப் பிடுங்கினால் மிஞ்சுவது "பாரம்" மட்டும். தற்கொலை எண்ணம் உள்ள ஒருவரிடம் இது ஆபத்து. மூன்றாவது, முடிவு அவருடையது.

"நீ கண்டிப்பா பாஸ் பண்ணிடுவே" என்பதும் தடைசெய்யப்பட்டது. நல்ல மனதோடு சொல்லப்படும் இந்த வாக்கியம், பாஸ் ஆகாத நீ எங்களுக்குத் தெரியாதவள் என்றும் காதில் விழும்.

அதற்குப் பதில் தேர்வுக்கு எல்லை வகுக்கப்பட்டது. வயது வரம்பு இருக்கும்வரை எழுதலாம் என்பதால் இந்தத் தேர்வு தானாக "போதும்" என்று சொல்லாது; எழுதுபவர்தான் சொல்ல வேண்டும். 2025 ஜூலை தேர்வும் அதற்கடுத்த குரூப் 4-உம், அதன்பின் பி.எட். அல்லது கணக்கு சார்ந்த வேலை என்று அவரே எழுதினார். படிப்பு நாளுக்கு நான்கரை மணி நேரம்: காலை 6 முதல் 8.30, மதியம் 2.30 முதல் 4.30. ஏற்கெனவே உண்மையில் படித்துக்கொண்டிருந்ததைவிட அரை மணி அதிகம்தான் என்று நேரப் பதிவைக் காட்டியபோதுதான் ஒப்புக்கொண்டார். டெலிகிராம் குழுக்கள் பதினாறிலிருந்து இரண்டு. தூக்கத்துக்கு, படுக்கும் நேரத்தை விட்டு எழும் நேரத்தைப் பிடித்தோம்: எத்தனை மணிக்குத் தூங்கினாலும் 5.30-க்கு எழுவது. முதல் வாரம் மோசம். மூன்றாம் வாரத்தில் 10.30-க்குத் தூக்கம் வந்தது.

## வீட்டாருடன்

ஜனவரி முதல் வாரம் அப்பா, அம்மா, சித்தி, அவர் என நால்வரும் உட்கார்ந்தார்கள். எதைப் பேசலாம், எதைப் பேசக்கூடாது என்பதை முந்தைய சந்திப்பிலேயே அவரிடம் கேட்டு எழுதிக்கொண்டோம்.

அப்பா முதலில் சொன்னது: "நான் ஒரு வார்த்தகூட சொன்னதில்ல மேடம். நீ படிம்மா, நான் பாத்துக்கறேன்னுதான் சொல்றேன்." அவர் சொன்னது உண்மை. மகளுக்கு அந்த "நான் பாத்துக்கறேன்" ஒவ்வொரு முறையும் கடன் தொகையாகத்தான் கேட்டது. பயிற்சி வகுப்புக்காக அப்பா முதலாளியிடம் முன்பணம் வாங்கியது அவருக்குத் தெரியும். எவ்வளவு என்பது தெரியாது. தெரியாததால் மனதுக்குள் அது வளர்ந்துகொண்டே போயிருந்தது.

தொகையைத் தாளில் எழுதலாமா என்று அப்பாவிடம் கேட்டோம். பயிற்சி வகுப்பு, புத்தகம், விண்ணப்பம், பேருந்து எல்லாம் சேர்த்து மூன்றாண்டில் 26,000 ரூபாய். பிறகு அம்மாவிடம், மகள் சுற்றிய பீடிக்கு இரண்டாண்டில் எவ்வளவு கூலி வந்திருக்கும் என்று கேட்டோம். அம்மா விரல் விட்டு எண்ணத் தொடங்கினார்; கணக்கை மகளே போட்டு முடித்தார். 26,000-ஐத் தாண்டியது. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அம்மாதான் சொன்னார்: "பாப்பா கை இல்லன்னா வாரக் கணக்கு என்னால முடிச்சிருக்கவே முடியாதே."

கல்யாணப் பேச்சும் வந்தது. கட்டிக்கொடுத்தால் சரியாகிவிடும் என்று நாத்தனார் சொல்வதாக அம்மா கூறினார். திருமணம் மனச்சோர்வுக்குச் சிகிச்சையாகாது. சோர்வில் இருப்பவர் சொல்லும் சரியும் வேண்டாமும் இரண்டுமே நம்பத்தகுந்தவை அல்ல என்று விளக்கினோம். ஜூலை தேர்வு முடியும்வரை வரன் பேச்சு வேண்டாம் என்று முடிவானது.

## வேலையும் தட்டச்சும்

குடியாத்தத்தில் ஒரு டியூஷன் மையத்தில் பத்தாம் வகுப்புக் கணக்கு, மாலை 5.30 முதல் 7.30, மாதம் 4,000 ரூபாய். ஜனவரி இறுதியில் சேர்ந்தார். பழைய "கணக்கு அக்கா"வின் நீட்சி என்பதால் இதைத் தேர்ந்தெடுத்தோம். காலை 10 மணிக்குத் தட்டச்சுப் பயிலகத்தில் ஆங்கிலம் லோயர் (இளநிலை), நிமிடத்துக்கு 30 சொல். தட்டச்சர் பணியும் குரூப் 4-இல் அடங்கும் என்பது ஒரு லாபம். அதைவிட, தினமும் வீட்டைவிட்டுப் போக ஓர் இடமும், முந்தின நாளைவிடக் கை வேகமாவதைக் கண்ணால் பார்க்க ஒரு வழியும் கிடைத்தன. எட்டு மாதம் காத்திருந்து ஓர் எண்ணைப் பெறுபவருக்கு, அன்றன்றைக்குத் தெரியும் முன்னேற்றம் மருந்து.

பீடி சுற்றுவது 200-ஆகக் குறைந்தது. அந்தக் கூலி தனியாகக் குறிக்கப்பட்டு அவர் கைக்கு வந்தது.

சொந்தக்காரர்களின் "இன்னா பண்ணிகினு இருக்கே?"வுக்குப் பதில் ஒத்திகை பார்க்கப்பட்டது: "டியூஷன்ல பத்தாவதுக்குக் கணக்கு எடுக்கறேன் அத்தை. எக்ஸாமும் எழுதறேன்." இந்த வரிசையில்தான், இரண்டு வாக்கியத்தோடு நிறுத்தி, உடனே அவர்கள் வீட்டைப் பற்றி ஒரு கேள்வி கேட்க வேண்டும். சித்தி வீட்டு மஞ்சள் நீராட்டில் முதலில் முயன்று பார்த்தார்.

## மார்ச்சில் சறுக்கல்

கூடப் படித்த தோழிக்கு 2024 தேர்வில் இளநிலை உதவியாளர் பணியாணை கிடைத்தது. அதே வாரத்தில், ஒப்பந்தத்தை மீறி, உறவினர் ஒருவர் வரன் ஜாதகத்தோடு வந்துவிட்டார். டியூஷனுக்கும் படிப்புக்கும் ஒன்பது நாள் இடைவெளி. பி.எச்.க்யூ-9, ஜனவரியில் 9 ஆக இறங்கியிருந்தது, 12-க்கு ஏறியது. நல்வாழ்வு அளவீடு 44-இலிருந்து 36. ஒன்பதாம் கேள்வி பூஜ்யம்.

இரண்டாம் நாள் இரவே தரவரிசைப் பட்டியலைத் திறந்ததும் அது அறிகுறி என்று தெரிந்து, தாளில் இருந்தபடி சித்தியைக் கூப்பிட்டார். திட்டம் வேலை செய்தது என்பதற்கு இதுதான் சான்று. மனநல மருத்துவர் மறுபடி பார்த்தார். மருந்து தொடங்கவில்லை, வாரம் ஒரு சந்திப்பாக நெருக்கினோம். விட்ட நாட்களைச் சேர்த்துப் படித்து ஈடுகட்டுவது அனுமதிக்கப்படவில்லை. சோர்விலிருந்து எழுபவர்கள் வழக்கமாக விழும் குழி அது. தட்டச்சுக்கு மட்டும் போவது, மூன்றாம் நாள் டியூஷனைச் சேர்ப்பது, ஒரு வாரம் கழித்துப் புத்தகம் என்று படியாக ஏறினார். டியூஷன் பிள்ளைகள் முழுத்தேர்வுக்கு முன் வீட்டுக்கே வந்து வடிவியல் சந்தேகம் கேட்டது, எங்கள் எந்த முயற்சியையும்விட வேகமாக அவரை வெளியே இழுத்தது. வரன் விஷயத்தை அப்பா தானே பேசி நிறுத்தினார்.

## தேர்வும் பிறகும்

2025 ஜூலை 12 அன்று எழுதினார். தமிழ்ப் பகுதி கடினம் என்று பரவலாகப் பேசப்பட்ட தேர்வு. அன்று மாலை விடை சரிபார்க்கும் காணொளிகளைப் பார்க்காமல் தம்பியோடு வேலூர்க் கோட்டைக்குப் போனார். திங்கட்கிழமை டியூஷன்.

செப்டம்பர் முதல் வாரக் கடைசிச் சந்திப்பில்: பி.எச்.க்யூ-9 5, நல்வாழ்வு 64, ஹீமோகுளோபின் 12.6. டியூஷனில் ஒன்பதாம் வகுப்பும் சேர்ந்து மாதம் 6,500. தட்டச்சு லோயர் எழுதியிருந்தார். வலப்பக்கப் பட்டியலை மறுபடி எழுதச் சொன்னபோது ஏழு வந்தன. "பாரம்" அதில் இல்லை. "தேர்வர்" நான்காவது இடத்தில் இருந்தது. அரசு வேலை மீதான ஆசை குறையவில்லை, குறைய வேண்டும் என்று நாங்கள் நினைக்கவும் இல்லை. கடன் முன்பணத்தில் பாதி இன்னும் நிற்கிறது. இரவில் செல்பேசிப் பழக்கம் வாரத்துக்கு இரண்டு நாள் திரும்பி வருகிறது. குரூப் 4 முடிவு அப்போது வெளியாகியிருக்கவில்லை.

## மையத்தின் நடைமுறையில் மாறியவை

களைப்பு, மறதி என்று வரும் 18 முதல் 30 வயதுப் பெண்களுக்கு ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைராய்டு மூன்றும் முதல் வாரத்திலேயே எடுக்கப்படுகின்றன. மாதவிடாய் நாட்கள் பற்றிய கேள்வி சேர்க்கைப் படிவத்திலேயே இருக்கிறது. ஊதியமில்லாத வீட்டு வேலை, பீடி, தறிக்கு நூல் சுற்றுவது ஆகியவை நேரப் பதிவுத் தாளில் தனிக் கட்டமாக அச்சிடப்பட்டுள்ளன; "சும்மா" என்று எழுதினால் அந்த நேரத்தில் கை என்ன செய்தது என்று கேட்கிறோம். குடும்பச் சந்திப்பு, வருபவர் சம்மதித்தால், ஏழாம் வாரத்துக்குப் பதில் மூன்றாம் வாரத்திலேயே நடக்கிறது. கடன் தொகை அந்த முதல் சந்திப்பிலேயே எழுதப்படுகிறது.

தேர்வர்களுக்கு முடிவு நாள் திட்டம் தனியாக எழுதப்படுகிறது. இந்தப் பெண்ணின் தாளில் இருப்பது: முடிவைத் தனியாகப் பார்ப்பதில்லை, சித்தி வீட்டில் பகலில் பார்ப்பது; முதலில் தன் மதிப்பெண், தரவரிசை மறுநாள்; வீட்டுக்குச் சொல்வது தம்பி; 48 மணி நேரத்துக்குள் மையத்திலிருந்து அழைப்பு வரும்; எந்த முடிவானாலும் அன்று மாலை 5.30 வகுப்பு ரத்தாகாது.